மொட்டை மாடிச் சுரைக்காய் கசந்தால் என்ன செய்வது?

டெல்லி மயூர் விஹாரில் வசிக்கும் வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. கும்பகோணத்துப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவர். வீட்டில் கணவர், பத்து வயது மகன், மாமனார், மாமியார். எல்லோரும் சைவம். மொட்டை மாடியில் பைகளிலும் பழைய பெயின்ட் வாளிகளிலும் சுரை, பீர்க்கு, வெண்டை, தண்டுக்கீரை வளர்க்கிறார். மற்ற காய்கறிகளை வாராவாரம் கூடும் புதன்கிழமைச் சந்தையிலும், காஜிப்பூர் மண்டியிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டு வருபவரிடமும் வாங்குகிறார்.

மாமனாருக்கு வயது 71. பல வருடங்களாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. கடைசிப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடிப்பது அவர் வழக்கம். மே மாதம் வாசகி பத்து நாள் ஊருக்குப் போனபோது செடிகளுக்குச் சரியாகத் தண்ணீர் விடவில்லை. திரும்பி வந்ததும் மாடியில் பறித்த காயில் சாறு எடுத்துக் கொடுத்திருக்கிறார். "இன்னிக்குக் கசக்கறதே" என்ற மாமனார், கசப்பு சர்க்கரைக்கு நல்லதுதானே என்று முழுவதையும் குடித்துவிட்டார். அரை மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்று வலி, நாலைந்து முறை பேதி. எலுமிச்சை பிழிந்த சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் சரியாகிவிட்டது. மருத்துவரிடம் போகவில்லை.

இப்போது மாமனார் மறுபடி சாறு கேட்கிறார். மாமியார், "கொதிக்க வைத்தால் கசப்பு போய்விடும்" என்கிறார். விதை போன வருடத்துக் காயிலிருந்து மாமனாரே எடுத்து வைத்தது. கொடியைப் பிடுங்க அவருக்கு மனமில்லை. வாசகியின் கேள்விகள் நான்கு: இந்தச் சாறு நல்லதா, கெட்டதா? யமுனைக் கரைக் காய்கறியெல்லாம் விஷம் என்கிறார்களே, மாடியில் விளைவதை மட்டும் நம்பலாமா? இந்த வெயிலில் பழைய சோறும் தயிர் சாதமும் எவ்வளவு நேரம் தாங்கும்? தனக்கு ஹீமோகுளோபின் 9.8, கீரையைச் சாப்பிட்டே ஏற்றிவிட முடியுமா?

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை அந்தச் சாறு வேண்டாம். அந்தக் கொடியில் தொங்கும் மற்ற காய்களையும் சமைக்காதீர்கள். மாமனாரை இந்த வாரமே அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கிரியாட்டினின், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை மூன்றும் பார்க்க வேண்டும். இந்த நாட்களில் மலம் தார் போலக் கறுப்பாகப் போனதா என்று அவரிடம் கேளுங்கள். போயிருந்தால் வாரக் கடைசி வரை காத்திருக்காமல் இன்றைக்கே கிளம்புங்கள்.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. சாயங்காலத்துக்குள் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டதால் வீட்டில் எல்லோரும் அதை ஒரு சாதாரண வயிற்றுக் கோளாறு என்று மறந்துவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கசக்கும் சுரைக்காய்

சுரை, வெள்ளரி, பீர்க்கு, பூசணி எல்லாம் ஒரே குடும்பம். பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள இவை குக்குர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருளை உண்டாக்கும். நாம் சாப்பிடும் ரகங்களில் அது மிகக் குறைவாக இருக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு சூழ்நிலைகளில் அது ஏறிவிடும். கடும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் செடி வாடினால் ஏறும். சுரைப்பூவில் கசப்பு ரகத்தின் மகரந்தம் விழுந்திருந்தால், அந்தக் காயில் தெரியாது. அதன் விதையை எடுத்து அடுத்த வருடம் போட்டால் அந்தக் கொடி கசப்பாகக் காய்க்கக்கூடும். உங்கள் வீட்டில் இரண்டுக்கும் வாய்ப்பு இருந்திருக்கிறது. எடுத்து வைத்த விதை, 10 நாள் தண்ணீர்ப் பஞ்சம், அதுவும் மே மாத டெல்லியில்.

இந்தப் பொருள் குடல் சவ்வைப் புண்ணாக்கும். வாந்தி, பேதி, சிலருக்கு ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் சேர்த்து நீரேற்றி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. 2010-ல் இதே டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்து இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து இதை ஆராய்ந்தது. குழு சொன்னவை எளிமையானவை: சாறு எடுக்குமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் எறியுங்கள், வேறு சாறுகளோடு கலக்காதீர்கள், குடித்தபின் உடம்பு ஏதாவது செய்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கலக்கக் கூடாது என்றதற்குக் காரணம் உங்களுக்கே புரிந்திருக்கும். பாகற்காயின் இயல்பான கசப்பில் சுரைக்காயின் ஆபத்தான கசப்பு ஒளிந்துகொள்ளும்.

உங்கள் மாமனார் தடுக்கி விழுந்ததும் அந்த இடத்தில்தான். கசப்பு சர்க்கரைக்கு நல்லது என்ற நம்பிக்கை பாகற்காயையும் வெந்தயத்தையும் வைத்து வந்தது. அவை பிறவியிலேயே கசப்பு. நாமும் அளவாகத்தான் சாப்பிடுகிறோம். கசக்கக் கூடாத காய் கசந்தால் அது எச்சரிக்கை. மாமியார் சொல்வது போலக் கொதிக்க வைத்தாலும் இந்த நச்சு போகாது. உப்புப் போட்டுப் பிசைந்தாலும், புளி விட்டாலும், வெல்லம் சேர்த்தாலும் நாக்குதான் ஏமாறும். வெள்ளரிக்காயின் தலையை வெட்டித் தேய்த்து நுரை எடுக்கிறோமே, அதுவும் அப்படித்தான். காம்புப் பக்கம் கசப்பு அதிகம் என்பது உண்மை. அதை வெட்டி எறிந்த பிறகும் நடுத்துண்டு கசந்தால் முழுக் காயும் குப்பைக்குத்தான்.

சுவைத்துப் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. இரண்டு முனையிலும் நடுவிலும் நகத்தளவு நறுக்கி, நுனி நாக்கில் வைத்து, துப்பிவிடுங்கள். விழுங்காதீர்கள். டெல்லி வெயிலில் விளையும் சுரை, பீர்க்கு, கக்டி என்னும் நீள வெள்ளரி, வெள்ளரி எதுவானாலும் சமைக்குமுன் இதைச் செய்யுங்கள். கடையில் வாங்கியதானாலும் செய்யுங்கள். மகனுக்குக் கொடுக்குமுன் கட்டாயம்.

கொடியைப் பிடுங்கிவிடுவது நல்லது. தண்ணீர் விட்டால் அடுத்த காய் கசக்காமல் வரலாம். ஆனால் கோளாறு விதையில் இருந்தால் ஒவ்வொரு காயும் சந்தேகம்தான். 71 வயதுக்காரரை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை தேவையில்லை. மீதமுள்ள விதையையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். புது விதைப் பொட்டலம் ஒன்றை வாங்கி அவர் கையாலேயே விதைக்கச் சொல்லுங்கள். அவர் மனத்தாங்கல் விதையைப் பற்றியதை விட, தான் வளர்த்தது போய்விட்டதே என்பதாக இருக்கலாம்.

கசக்காத சாறு என்றால் குடிக்கலாமா?

அவர் நிச்சயம் இதைக் கேட்பார். கசப்பில்லாத சுரைக்காய் நல்ல காய். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர், மாவுச்சத்து மிகக் குறைவு. சர்க்கரைக்காரர் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஆனால் அது சர்க்கரையைக் குணப்படுத்தும், சிறுநீரகத்தைக் கழுவிவிடும் என்பதெல்லாம் பேச்சுதான். 71 வயதில் 1.6 கிரியாட்டினின் என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கும்போது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 மில்லிலிட்டர். அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தாலே நாள்பட்ட சிறுநீரகக் குறைபாடு என்கிறோம். அப்படிப்பட்டவருக்கு ஒரு பேதி கூடப் பெரிய அடி. உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்தை மேலும் நெருக்கும். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினும் உடம்பில் தேங்கும். வாந்தி பேதி நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அன்றைக்கு எலுமிச்சைச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தீர்கள். கையில் இருந்ததைக் கொண்டு செய்தீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இனிமேல் வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும். உறையில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கக் கூடாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாறு மட்டும் குடித்து டிபனைத் தள்ளிப்போடுகிறாரா? சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். கீரைச் சாறும் அவருக்கு வேண்டாம். பாலக், தண்டுக்கீரை, டெல்லியில் குல்ஃபா என்று விற்கும் பருப்புக்கீரை, எல்லாவற்றிலும் சிறுநீரகத்தில் படியக்கூடிய ஆக்ஸலேட் அதிகம். பச்சையாக அரைத்து டம்ளர் டம்ளராகக் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வெயிலுக்கு நல்லது என்று தரும் இளநீரிலும், தளர்ந்த சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் பொட்டாசியம் நிறைய. ஒரு டம்ளரில் 500 மில்லிகிராமைத் தாண்டலாம். அவருடைய பொட்டாசியம் அளவு தெரியாமல் இளநீரும், சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கும் உப்பும் கொடுக்க வேண்டாம். அந்த உப்பில் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கிறார்கள்.

சாறாகக் கேட்பவருக்கு அதே காயைத் தட்டில் வையுங்கள். பாசிப்பருப்பு கொஞ்சமாகப் போட்டு, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்ட சுரைக்காய்க் கூட்டு. துருவி ஆவியில் வேக வைத்து, ஆறியதும் தயிரில் போட்டுக் கடுகு தாளித்த பச்சடி. இங்கே கிடைக்கும் டிண்டாவை நாலாகக் கீறி மோர்க்குழம்பில் போட்டுப் பாருங்கள். பூசணித் துண்டு போலவே குழம்பை இழுத்துக்கொள்ளும். பர்வலைக் கோவைக்காய் மாதிரி வட்டமாக நறுக்கிப் பொரியல் செய்யலாம். பிஞ்சுப் பீர்க்கின் தோலைச் சீவித் துவையல் அரைத்துவிட்டால் ஒரு காயில் இரண்டு உணவு. மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னால், காயைச் சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். சத்து போய்விடுமே என்று மாமியார் வருந்துவார். மற்றவர்களுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அவர் பங்குக்கு மட்டும் இப்படிச் செய்தால் போதும்.

வெயில் காலத்தில் நம் வீடுகளில் வடாம், மோர்மிளகாய், ஆவக்காய் எல்லாம் கூடவே வந்துவிடும். அவர் விஷயத்தில் அதிலுள்ள உப்பும் சுரைக்காய்ச் சாற்றைப் போலவே கவனித்துக் குறைக்க வேண்டியது. நாளுக்கு ஒரு அப்பளம் என்பதை வாரத்துக்கு ஒன்றாக்கச் சொல்லிப் பாருங்கள்.

யமுனைக் கரைக் காய்கறியும் மாடிக் காய்கறியும்

நீங்கள் கேள்விப்பட்டது வெறும் புரளி இல்லை. யமுனையின் வெள்ளச் சமவெளியில் உண்ணும் பயிர்களை வளர்க்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆலைக் கழிவிலிருந்து வரும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைச் செடி உறிஞ்சிக்கொண்டால், எத்தனை முறை கழுவினாலும் அவை போகா. ஆனால் அதிலிருந்து "மண்டிக் காய்கறியெல்லாம் விஷம்" என்ற முடிவுக்கு வருவது சரியில்லை. மண்டிக்குப் பல மாநிலங்களிலிருந்து சரக்கு வருகிறது. உலோகம் அதிகம் தேங்குவது கீரைகளிலும் முள்ளங்கி போன்ற கிழங்குகளிலும். காயாகத் தொங்குபவற்றில் குறைவு. எனவே கீரையைத்தான் யோசித்து வாங்க வேண்டும். வண்டிக்காரரிடம் எங்கே விளைந்தது என்று கேளுங்கள். தெரிந்தவர் என்றால் மறைக்க மாட்டார். ஒரே ஆளிடம் ஒரே கீரையைத் தினமும் வாங்காமல் சஃபல் கடை, ஐ.என்.ஏ. மார்க்கெட், சந்தை என்று மாற்றி வாங்குங்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மண்ணும் கிருமியும் மேலே ஒட்டிய பூச்சிமருந்தில் ஒரு பகுதியும் போகும். சோப்பு வேண்டாம்.

உங்கள் மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பெயின்ட் வாளிகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பெயின்டில் என்ன இருந்தது என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. அதில் கீரை வளர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. மண் எங்கிருந்து வந்தது என்று நர்சரியில் கேளுங்கள். அது ஆற்றங்கரை வண்டல் என்றால் நீங்கள் தவிர்க்க நினைத்ததையே தூக்கி மாடிக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். மற்றபடி தோட்டத்தைக் கைவிடாதீர்கள். மகன் தானே பறித்த வெண்டைக்காயைச் சாப்பிடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றுக்காகவே வைத்திருக்கலாம். மே, ஜூனில் காலை மாலை இரண்டு வேளை தண்ணீர், மதியத்துக்குப் பச்சை வலை நிழல், ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி.

பழைய சோறும் தயிர் சாதமும்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் வளர்ந்த உங்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மே மாத டெல்லியில் ராத்திரியிலும் 30 டிகிரிக்கு அருகில் நிற்கிறது. அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேகும்போது சாகாமல் தங்கி, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகும். அது விடும் நச்சைத் திரும்பச் சூடாக்கினாலும் அழிக்க முடியாது. சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது அறிவுரை. இந்த வெயிலில் நான் ஒரு மணி நேரம் என்றே சொல்வேன். பழைய சோற்றில் புளிப்பு சீக்கிரம் ஏறி ஓரளவு காக்கும். ஆனால் மத்தியானத்திலிருந்து அடுப்படியில் கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றினால், புளிக்கத் தொடங்குமுன்பே கெட வேண்டியது கெட்டிருக்கும். வேண்டுமென்றால் ராத்திரி புதிதாக வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஊற்றி, காலையில் முதல் வேலையாகச் சாப்பிட்டுவிடுங்கள். நூல் விட்டாலோ வாடை மாறினாலோ கொட்டிவிடுங்கள். மாமனாருக்கு இது வேண்டாம்.

மகனின் டப்பாவுக்குப் பாலும் துளித் தயிரும் விட்டுப் பிசைந்து அனுப்பும் பழக்கத்தை வெயில் மாதங்களில் மாற்றிக்கொள்ளுங்கள். நன்றாக ஆறிய சோற்றில், ஏற்கெனவே புளித்த குளிர்ந்த தயிரை விட்டுப் பிசைவதே பாதுகாப்பு. பதினொரு மணி இடைவேளைக்கு அது. அதற்குப் பிந்திய சாப்பாட்டுக்குச் சப்பாத்தியும் உலர்ந்த பொரியலும் தேவலை.

உங்கள் ஹீமோகுளோபின்

இதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரையும் பார்த்துவிட்டு மிச்சமிருந்தால் உங்களை என்று வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 9.8 என்பது லேசானது அல்ல, நடுத்தரம். முருங்கைக்கீரையும் தண்டுக்கீரையும் நல்லவைதான். ஆனால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஏறுவது கொஞ்சம்தான். இந்த அளவிலிருந்து கீரையை மட்டும் நம்பி ஏற முடியாது, மாத்திரை தேவைப்படும். அதற்கு முன், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 இரண்டையும் பாருங்கள். சைவக் குடும்பங்களில் பி12 குறைவு அடிக்கடி பார்ப்பதுதான். அது இரும்பு மாத்திரைக்குச் சரியாகாது. மாதவிடாயில் போக்கு அதிகமா என்பதையும் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். காரணம் அங்கே இருந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் வடிந்துகொண்டேதான் இருக்கும்.

சாப்பாட்டில் செய்ய வேண்டியது சின்ன மாற்றம். பருப்போ கீரையோ சாப்பிடும்போது கூடவே எலுமிச்சை பிழிந்த வெள்ளரிக் கோசுமல்லியோ மாங்காய்ப் பச்சடியோ இருக்கட்டும். இரும்பு ஏற உதவும். காபியை டிபனோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாமனாரை மருத்துவரிடம் அழைத்துப் போகும் அன்றைக்கே உங்களுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். இன்னொரு நாள் என்று தள்ளினால் நீங்கள் போக மாட்டீர்கள்.